ஒரே காசுக்கு இரண்டு மார்க்

இரண்டு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை காலை. சிட்லபாக்கத்தில் என் வீட்டு காலிங் பெல் அடித்தது. வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் ஹேண்ட்பேக். கையில், பத்திரிகையில் இதே பத்தியில் நான் முன்பு எழுதியதைக் கத்தரித்து வைத்திருந்த துண்டுக் காகிதம்.

“சார், நான் ஸ்டெல்லா. மேடவாக்கம். ஸ்கூல்ல மேத்ஸ் டீச்சர். நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத்தான் ஒரு காயின் வாங்கினேன்.”

‘வாங்கினேன்’ என்றதும் எனக்குப் பகீரென்றது. பாராட்டினால் பரவாயில்லை. நாம் எழுதியபடி ஒருவர் செய்துவிட்டார் என்றால்தான் பயமே!

பழைய நாணயம் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுதியபோது, புதிதாக வந்த ஒரு சின்ன கிரேடிங் நிறுவனத்தைப் புகழ்ந்திருந்தேன். கிரேடிங் என்றால்... நாணயத்தை அனுப்பினால் அசலா போலியா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து சீல் செய்து அனுப்புவார்கள். பெரிய நிறுவனம் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவர்கள் சீக்கிரம், சல்லிசு. ‘இனி கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று எழுதிவிட்டேன்.

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்.

ஹேண்ட்பேக்கிலிருந்து பெட்டியை எடுத்தார். உள்ளே பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய். லேபிளில் 63. இரும்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில் வாங்கியது. காலேஜ் காலத்திலிருந்து தான் சேர்த்த நான்கு வெள்ளி ரூபாய்களைக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக இந்த ஒன்று.

“பெட்டிக்குள்ள இருக்கு, கேரண்டியாச்சேன்னு நெனச்சேன் சார். ஆனா பக்கத்து ஸ்டால்காரர் இதைப் பாத்துட்டுச் சிரிச்சார். ஏன் சிரிச்சார்?”

“தெரியலையேம்மா...”

“நீங்க இவங்களுக்கு எத்தனை காயின் அனுப்பிப் பாத்தீங்க?”

கணக்கு டீச்சர் கேள்வி. நேரே பதிலுக்கு வந்து நிற்கும். ஒன்றுகூட அனுப்பவில்லை! நண்பர் ஒருவரிடம் அவர்களுடைய பெட்டியைப் பார்த்தேன். ஹோலோகிராம் மின்னியது. அவ்வளவுதான்.

ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் யூசுப் பாயிடம் போனோம். எனக்கு இருபது வருடப் பழக்கம். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

“இன்னா சார் இது? நல்லா தேச்சு பாலிஷ் போட்டுகீறாங்க. கோடு கோடா கீது பாரு. பாத்திரம் விளக்குன மாதிரி!”

பார்த்தேன். காசில் பொறித்திருந்த ராஜாவின் கன்னம் முழுக்க மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். பழைய காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் மதிப்பே போய்விடும். ஒழுங்கான நிறுவனம் பாலிஷ் போட்ட காசுக்கு எண்ணே போடாது. ‘துடைக்கப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிடும். இவர்கள் 63 கொடுத்திருக்கிறார்கள். தெரியாமலா... தெரிந்தேவா?

“தெரிஞ்சுக்கலாம் சார். இதை உடைச்சு, அவங்களுக்கே திரும்ப அனுப்புவோம்” என்றார் ஸ்டெல்லா.

“உடைச்சா அந்த அறுபத்து மூணு போயிடுமே?”

“அந்த அறுபத்து மூணு நெஜமான்னுதானே பாக்கப் போறோம்?”

என் வீட்டுக்கே வந்தோம். ராஜாவின் காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு இருந்தது. அது தெரியும்படி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டோம். நான் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். “டைல்ஸ் போயிடும், வாசப்படில வெச்சு உடைங்க!” என்றாள் என் மனைவி. ஸ்டெல்லா சுத்தியலை வாங்கினார். மூன்றே அடி. லேபிளைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். காசு, அவருடைய நாத்தனார் பெயரில் கூரியரில் போனது.

அடுத்த மூன்று வாரம் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. கூரியர் எங்கே இருக்கிறது என்று போனை நோண்டுவேன். வைப்பேன். மறுபடி எடுப்பேன். ஏரியைச் சுற்றி நடந்தால், கூட நடப்பவர் பேசுவது காதில் ஏறாது. இன்னும் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்? யாரிடம் கேட்பது?

ஒரு மதியம் ஸ்டெல்லாவின் போன்.

“வந்துடுச்சு சார். அறுபத்தஞ்சு.”

“என்னது!”

“ரெண்டு மார்க் ஏறியிருக்கு. அதே வெட்டு, அதே கீறல்.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னொண்ணு சார். கூரியர் கவர்ல அனுப்பினவங்க மொபைல் நம்பர் போட்டிருக்கு. எனக்கு காயின் கொடுத்தாரே வியாபாரி, அவர் விசிட்டிங் கார்டுலயும் அதே நம்பர்!”

அந்த நம்பருக்கு நானே பேசினேன். ஒரே காசுக்கு எப்படி இரண்டு மார்க் என்று மட்டும் கேட்டேன். “சார், கிரேடிங்கறது ஒரு ஒப்பீனியன். காலைல பாத்தா ஒண்ணு தோணும், சாயங்காலம் பாத்தா ஒண்ணு தோணும்” என்றது ஒரு குரல். “பாலிஷ் போட்டதுன்னு எந்த வேளையிலயும் தோணலையா?” என்றேன். லைன் கட்.

அந்த ஞாயிறு, இரும்புலியூரில் அதே மண்டபத்தில் மறுபடி கண்காட்சி. வியாபாரியின் மேஜையில் பழைய லேபிள், புதுப் பெட்டி, போட்டோக்கள் — மூன்றையும் வரிசையாக வைத்தார் ஸ்டெல்லா. கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரலில் விளக்கினார். கூட்டம் கூடிவிட்டது.

“அந்த கம்பெனி என் மச்சான் நடத்தறது மேடம். அவன் வேலை வேற, என் வேலை வேற...”

“போன் மட்டும் ஒண்ணா?”

அந்த ஆள் மேஜைக்கு அடியிலிருந்து, ஸ்டெல்லா கொடுத்திருந்த நான்கில் இரண்டு காசுகளை எடுத்து நீட்டினார். மற்ற இரண்டும் யாரிடமோ போய்விட்டன. அப்படிப் போனதில் ஒன்று, ஸ்டெல்லா வாழ்க்கையில் முதன்முதலாகச் சேர்த்தது. பதிலுக்குத் தன் மேஜையில் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் வியாபாரி. ஸ்டெல்லா தொடவில்லை. பாலிஷ் காசை அந்த ஆள் திரும்பக் கேட்டபோது, “என்னோடது மீதி ரெண்டும் வரட்டும், தரேன்” என்றார். இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை.

மார்க் போடுகிறவர் யார்? அவரே விற்கவும் செய்கிறாரா? தவறு என்று காட்டினால் பொறுப்பேற்பாரா? ஒரு பைசா செலவில்லாமல் கேட்கக்கூடிய கேள்விகள். நான் கேட்கவில்லை. அவர்களைப் புகழ்ந்து எழுதியதை இங்கே வாபஸ் வாங்குகிறேன். அதை நம்பி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

போன வாரம் குரோம்பேட்டையில் வேறொரு கண்காட்சி. வேறொரு வியாபாரி, எங்கள் முன்னால் ஒரு பெட்டியை நீட்டினார். “அறுபத்தாறு மேடம்! இந்த மாதிரி கிடைக்காது.”

ஸ்டெல்லா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “பெட்டி ரொம்ப நல்லாருக்கு. காயினை வெளிய எடுத்துக் காட்டறீங்களா?”

வியாபாரி சிரித்துக்கொண்டே பெட்டியை உள்ளே வைத்துவிட்டார்.