அசாம் ஜாவாவில் கிடைத்த சகலை

ராவாங்கிலிருந்து கோலசிலாங்கூர் பக்கம் துணையோடு போகலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய துணையும் ஓர் ஆண். அதனால், எண்பதுகளின் நடுவில் நானும் முருகேசும் அங்கே போன கதையைச் சொல்கிறேன்.

அப்போது இருவரும் ராவாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம், ஒரே வீட்டில் இருந்தோம். முருகேசு பிறந்தது அசாம் ஜாவாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். எங்கள் விஷயம் தெரிந்த நாளே அவனுடைய அண்ணன் அவனை வீட்டைவிட்டுத் துரத்தினார். அவர் உள்ளூரில் ஒரு கட்சிக் கிளைக்குத் தலைவர். "இந்தப் பக்கம் தல காட்டுனா போலிசுல சொல்லி ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவேன். சட்டமே இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். வெறும் மிரட்டல் என்று தள்ளவும் முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அப்படித்தான் சொன்னது. நான்கு வருஷம் முருகேசு அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு தங்கை வசந்திக்குக் கல்யாணம் முடிவானது. தொழிற்சாலைக்கே போன் போட்டாள். "அண்ணே, மாப்பிள்ளைத் தோழனா நீதான் நிக்கணும். அவரையும் கூட்டிட்டு வா. தனியா வந்தீன்னா பேசமாட்டேன்."

ஞாயிறு காலை 6.15க்கு ராவாங்கில் பஸ் ஏறினோம். பத்தாங் பெர்ஜுந்தை வரை ஏறக்குறைய 24 கிலோமீட்டர், ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. அங்கே ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு அசாம் ஜாவாவுக்கு டெக்சி பிடித்தோம், ஆளுக்கு இரண்டு வெள்ளி. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"கூட்டாளிங்க" என்றேன்.

"அதான பாத்தேன். சட்ட கூட ஒரே துணியா இருக்கு லா!"

ஒரே துணியில் தைத்தது என் யோசனை. அது தப்பென்று அப்போதுதான் உறைத்தது. முருகேசு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். அதுவரை பயத்தில் வாயே திறக்காமல் வந்தவன்.

சாலையிலிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. நடந்து தோட்ட மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.10. வாசலிலேயே அண்ணன் நின்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, நீ உள்ள போ. இவன் வெளியவே நிக்கட்டும்."

முருகேசு அசையவில்லை. "அப்ப நானும் வரலண்ணே" என்றான். அவனை உள்ளே போகச் சொல்லித் தோளைத் தொடப்போன நான், அத்தனை பேர் பார்ப்பதை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

யாரோ உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முழு அலங்காரத்தோடு வசந்தி வாசலுக்கே வந்துவிட்டாள். "இவரு இங்க நின்னா நானும் இங்கயே நிக்கிறேன். ஐயரயும் வெளிய வரச் சொல்லுங்க, இங்கயே கட்டிக்கலாம்." பின்னாலேயே வந்த மாப்பிள்ளை குமார், லோரி ஓட்டுபவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அண்ணன் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வழிவிட்டு விலகினார்.

முருகேசு தோழனாக நின்றான். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது அட்சதையை அள்ளி வீசினேன். அழுதேன் என்று முருகேசு சொல்வான். நம்பாதீர்கள், ஹோமப் புகை.

குடும்பப் படம் எடுக்கும்போது குமார் என்னையும் மேடைக்கு இழுத்தார். "இவரு யாரு, என்ன முறை?" என்றார் படக்காரர், எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்.

"என் சகலை" என்றார் குமார்.

"பொண்ணுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லியே?"

"இல்ல. அண்ணன் இருக்காருல்ல?"

படக்காரர் முருகேசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் சட்டையைப் பார்த்தார். "சரி, அவரு பக்கத்துல நில்லுங்க" என்றார். வசந்தி சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி நழுவி மூக்குக்கு வந்தது. படத்தில் அண்ணன் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போலிசும் வரவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குக் குமார் தன் லோரியிலேயே எங்களை புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்குக் கூட்டிப்போனார், 12 கிலோமீட்டர். கல்யாணப்பெண் பட்டுச்சேலையோடு முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். குன்றின் மேல் ஒரு குரங்கு தாம்பூலப் பையைப் பிடுங்கி வெற்றிலையை மென்றுவிட்டுத் துப்பியது. முருகேசு கடலைப் பார்த்து வசந்தி பெயரைக் கத்தினான். அடுத்து என் பெயரையும் கத்தினான். அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தமுறை நான் அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது போகிறவர்களுக்கு: சாலை நன்றாக இருக்கிறது, சொந்த வண்டியில் ஒரு மணி நேரம் போதும். குன்றுக்கு மாலை நான்கு மணிக்குமேல் போங்கள், வெயில் தாழ்ந்திருக்கும். அறை எடுத்தால் இரண்டு தனிக் கட்டில் கேளுங்கள். அந்தச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது, அதைச் சொல்லி ஓட்டுக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பயம் வரும், அது தப்பில்லை. ஆனால் அந்த ஊரில் உங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட ஒரே ஒருவர் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். எங்களுக்கு ஒருத்திதான் இருந்தாள். திரும்பி வரும்போது இரண்டு பேர் ஆகியிருந்தார்கள்.