ஹில்டாவின் மடியில் இருந்த பிள்ளை

எர்ணாவூரில் இருந்த பெண்கள் ஓவியக் கல்லூரிக்கு ஹில்டா பெருக்கித் துடைக்கத்தான் போனாள். வகுப்பில் பிள்ளைகள் பார்த்து வரைவதற்காக உட்காரும் பெண் ஒரு நாள் வரவில்லை. "அக்கா, சும்மா இப்படி உக்காருங்களேன்" என்று கூப்பிட்டார்கள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். கல்லூரி மூடும் வரை அதுவும் அவள் வேலையாகிவிட்டது.

அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் போனது. வீட்டில் யாரும் அவள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கணவர் அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் சரக்கு இறக்கிவிட்டு வருவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். இங்கேயோ ஒரு கூட்டம் பெண்கள் அவளுடைய காதையும் கழுத்தெலும்பையும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்கள்.

சின்னவள் கரோலினை விட்டுவிட்டு வர ஆள் இல்லாத நாட்களில் அவளையும் கூட்டி வந்து மடியில் வைத்துக்கொள்வாள். அப்படி ஒரு நாள் வண்ணாரப்பேட்டை மாணவி ரூபினா அவர்கள் இருவரையும் வரைந்த பெரிய படத்தைக் கல்லூரிக் கூடத்தில் மாட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் கரோலின் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. பிறகு ஹில்டா வேலைக்குத் திரும்பியபோது, கூடத்துப் படத்தில் மகள் அவள் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். தினமும் அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் பெருக்கினாள்.

சேரும் பெண்கள் குறைந்துபோய் நிர்வாகம் கல்லூரியை மூடியது. அலெக்ஸாண்டரும் அதற்குள் இறந்துவிட்டார். மகன் ஃப்ரெடி கன்டெய்னர் லாரி ஓட்டினான்.

புயல் வந்த வருஷம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வெறும் தண்ணீராக இல்லை. பக்கத்து ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் மிதந்தது. வடிந்த பிறகு சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கறை. பீரோவின் அடித்தட்டில் இருந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கரோலினின் ஞானஸ்நானப் போட்டோவைப் பிரித்தபோது முகம் அடுத்த தாளோடு போய்விட்டது.

அப்போதுதான் கல்லூரிப் படம் நினைவுக்கு வந்தது. கறை படிந்த புடவையோடு நடந்தே போனாள். வாட்ச்மேன் ராசையா கேட்டைத் திறந்தார்.

"யக்கா, மூடும்போது படத்தயெல்லாம் கீழ் ரூம்ல போட்டு பூட்டிட்டாங்கோ. மாடில வச்சிருந்தாலாச்சும் தப்பிச்சிருக்கும்."

"தொற ராசையா. பாத்துட்டு போறேன்."

அறைக்குள் கால் வழுக்கியது. இத்தனை வருஷம் அந்தப் பெண்கள் வரைந்ததெல்லாம் கறுப்பு அட்டைகளாகக் கிடந்தது. ரூபினாவின் படத்தை அளவை வைத்துக் கண்டுபிடித்தாள். குழாயடிக்குத் தூக்கி வந்து சோப்புப் போட்டுத் துடைத்தாள். எண்ணெயோடு வர்ணமும் வந்தது.

"வுடு யக்கா" என்றார் ராசையா. அவள் விடவில்லை. வெறும் துணி தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஃப்ரெடி எங்கெங்கோ விசாரித்து ரூபினாவின் நம்பரைப் பிடித்தான். ரூபினா இப்போது பெங்களூரில் புடவைக்கு டிசைன் போடுகிறாள்.

"அழாதீங்கக்கா. அந்தப் படத்த போட்டோ எடுத்து வெக்கல நானு. ஆனா உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம், கண்ண மூடிகினு வரைவேன். பாப்பாவ மட்டும் சொல்லுங்க. மூக்கு எப்படி இருக்கும்?"

ஹில்டா யோசித்தாள். "மூக்கு... மூக்கு மாதிரிதான் இருக்கும்மா. சின்னதா."

"கண்ணு?"

"நல்லா இருக்கும்மா கண்ணு."

ரூபினா பழைய மாணவிகள் எல்லோரிடமும் ஹில்டாவையும் பாப்பாவையும் நினைவிலிருந்து வரைந்து அனுப்பச் சொல்லிக் கேட்டாள். ஒரு வாரத்தில் ஃப்ரெடியின் போனுக்கு ஐந்து படங்கள் வந்தன. ஐந்திலும் ஹில்டா அப்படியே இருந்தாள், நெற்றித் தழும்பு உட்பட. மடியில் ஐந்து வேறு பிள்ளைகள்.

"எதும்மா பாப்பா மாரி கீது?" என்றான் ஃப்ரெடி. தங்கை போனபோது அவனும் சின்னப் பையன்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. நல்லா வரைஞ்சிகிறாங்கோன்னு சொல்லிடு."

பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பாத்திரம் தேய்க்கும்போது கரோலினை நினைத்தால், மூன்றாவது படத்தில் இருந்த சுருட்டை முடிப் பிள்ளை வந்து நின்றது. கரோலினுக்குச் சுருட்டை முடி கிடையாது. அந்த ஒன்று அவளுக்கு நிச்சயம்.

"அதயெல்லாம் அழிச்சிடுடா" என்றாள் மகனிடம்.

அவள் பார்க்கவே அழித்தான். சுருட்டை முடிப் பிள்ளை போகவில்லை.