பாதியாக்கு, கழி, மறுபடி பாதியாக்கு

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் எடுத்த பயிற்சி நிலையத்தில் கணக்கு எடுத்தவருக்கு எக்ஸ் பிடிக்காது. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு பிளைவுட் தடுப்புதான் இருந்தது. அவர் சொல்வதெல்லாம் எனக்கும் கேட்கும்.

"எக்ஸுன்னாலே உங்களுக்குக் காய்ச்சல் வருதுங்க. நமக்கு அது எதுக்கு? செவ்வகக் கணக்கா, கொடுத்த எண்ணைப் பாதியாக்குங்க. வித்தியாசத்தைக் கழிங்க. மறுபடி பாதியாக்குங்க. அகலம் வந்துரும்."

ஒரு நிலத்தின் நீளம் அகலத்தை விட ஆறு மீட்டர் அதிகம், சுற்றளவு நாற்பத்தெட்டு, பரப்பளவு என்ன? இருபத்து நான்கு, பதினெட்டு, ஒன்பது. அகலம் ஒன்பது, நீளம் பதினைந்து, பரப்பளவு நூற்று முப்பத்தைந்து. பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தபடி பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வர்களாக எழுதும் முப்பது பேர் இதை ராகம் போட்டுச் சொன்னார்கள். ஒரு கணக்குக்கும் யாரும் படம் வரைந்து நான் பார்க்கவில்லை. அடுத்த அறையில் விடுப்பு விண்ணப்பத்தை மனப்பாடம் செய்யவைத்த எனக்கு இளக்காரம் பேச அதிக உரிமை இல்லை. ஆனாலும் பேசுகிறேன்.

அந்த முப்பது பேரில் ஒருவர் கட்டிங் மேஜையில் துணி விரிக்கும் பெண். பதினோரு வருடம் நின்றே வேலை செய்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் தரம் பார்க்கும் வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்கு நாற்காலி உண்டு. கணக்கில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தார். இந்த முறையும் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அவர் அந்தக் கணக்குக்கு இருநூற்று எழுபது என்று விடை எழுதினார். கணக்கு மாஸ்டர் நோட்டை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, நெலம் ராத்திரியோட ராத்திரியா குட்டி போட்டுருச்சுங்களா?"

வகுப்பே சிரித்தது. கேலியிலும் அவருக்கு 'ங்க' தவறாது.

"சுத்தளவுக்கு நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ரெண்டால பெருக்கறீங்களே சார். துணி ரெண்டு மடிப்பா கெடக்கறதுக்குத்தானுங்க அந்த ரெண்டு? அப்ப பரப்பளவுக்கும் ரெண்டு வேணுமில்லீங்களா?"

பின்னலாடைத் துணி இயந்திரத்திலிருந்து குழாய் போல வரும். மேஜையில் ஒரு முறை விரித்தால் இரண்டு அடுக்கு. அவர் பதினோரு வருடமாக எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி வந்தவர். வகுப்பில் அன்று யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

"அந்த ரெண்டு வேற எதுக்குங்க சார்?" என்று மறுபடி கேட்டார்.

"ஃபார்முலாங்க" என்றார் மாஸ்டர். அடுத்த கணக்குக்குப் போனார். அவருக்குக் காரணம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. சொன்னால் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கு இவர்கள் தகுதியில்லை என்று முடிவு செய்திருந்தார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு துணித் துண்டுடன் வந்தார். பள்ளிக் கணக்குப் புத்தகம் ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி மதிய இடைவேளைகளில் படித்ததாகச் சொன்னார். துண்டின் ஓரத்தை விரலால் சுற்றிக் காட்டினார்.

"ஓரம் அடிச்சா ரெண்டு நீளம், ரெண்டு அகலம் போகுதுங்க. ரெண்டு அதுக்குத்தானுங்க. அடுக்குக்கு இல்லீங்க."

"அதைத்தானுங்க நானும் சொன்னேன்" என்றார் மாஸ்டர். அவர் சொல்லவே இல்லை.

தேர்வில் கணக்கைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். நீளம் அகலத்தை விட ஐந்து அதிகம், பரப்பளவு எண்பத்து நான்கு, சுற்றளவு என்ன? தேர்வு நடந்த பள்ளியின் வாசலில் எங்கள் ஆட்கள் விடைகளை ஒப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு, முப்பத்தேழு, பதினெட்டரை. பரப்பளவையும் பாதியாக்கிக் கழித்திருந்தார்கள். அகலம் ஒன்றாக வந்ததால் எல்லோருக்கும் நிம்மதி.

"எனக்கு ஏழு வந்துச்சுங்க" என்றார் அந்தப் பெண். "அகலம் எக்ஸு, நீளம் எக்ஸ் பிளஸ் அஞ்சு. பெருக்கி எண்பத்து நாலுக்குச் சமம் போட்டேன். மைனஸ் பன்னெண்டும் வந்துச்சு, அதை அடிச்சுட்டேன்."

"அதை ஏனுங்கக்கா அடிச்சீங்க? சார் அப்படிச் சொல்லித் தரலியே" என்றான் ஒரு டெய்லர்.

"மைனஸ் பன்னெண்டு மீட்டர் அகலத்துல துணி உங்க கம்பெனியில ஓட்டறாங்களா தம்பி? இருந்தா எனக்கு ரெண்டு மீட்டர் எடுத்து வையி."

அகலம் ஏழும் நீளம் பன்னிரண்டும் சேர்ந்து பத்தொன்பது, அதை இரண்டால் பெருக்கி முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தார். வாசலில் நின்ற மாஸ்டர் போனில் விடைக்குறிப்பைத் தேடிப் பார்த்துவிட்டு, பதினெட்டரைக்காரர்களிடம், "ஸ்டெப்புக்கு மார்க் உண்டுங்க, கவலப்படாதீங்க" என்றார். எந்த ஸ்டெப் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கில் அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தொன்று வந்தது. மாஸ்டர் போன் செய்து, புதிய வகுப்புக்கு வந்து நாலு வார்த்தை பேசும்படி அழைத்தார்.

"புது வேலைல இப்பத்தானுங்க சேர்ந்திருக்கேன். லீவு கேக்க முடியாதுங்க சார்" என்று போனை வைத்துவிட்டார்.

அழைத்தது ஞாயிற்றுக்கிழமைக்கு; கம்பெனிக்கு அன்று விடுமுறை. மாஸ்டர் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. "எவ்வளவு தன்னடக்கம் பாருங்க" என்று புதிய வகுப்பில் சொன்னார்.