பஞ்சக்காவின் கைகள்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வார்டில், பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கும் அம்மா வரை எல்லோருக்கும் அவள் பஞ்சக்காதான். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்றரை சாண் நீளம்கூட இல்லாத குழந்தைக்குத் தொடையில் ஊசி போட்டாள். குழந்தை அழவில்லை, கொட்டாவி விட்டது. பக்கத்தில் நின்ற இன்சார்ஜ் சிஸ்டர், "இது கையா, பஞ்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், அவள் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் போகவில்லை.

கைதான் பஞ்சு, வாய் அப்படியில்லை. வார்டின் வாசலில் கை கழுவும் தொட்டி இருந்தது. அதைத் தாண்டி யாராவது ஈரமில்லாத கையோடு வந்தால் போதும், அறையின் மறுகோடியிலிருந்து குரல் வரும். "அங்கயே நில்லுங்க! கை என்ன சொல்லுது?" பார்க்க வந்த அப்பாக்கள் நடுங்குவார்கள். பயிற்சி டாக்டர்கள் திரும்பித் தொட்டிக்கே ஓடுவார்கள். அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் நான் மேல ஏத்தி விடுறேன். வீட்டுக்கு வந்தா இவ என்னை வாசல்லயே நிறுத்திடுறா" என்று நண்பர்களிடம் புலம்புவார். புலம்பிவிட்டுப் போய்க் கை கழுவிக்கொள்வார்.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் கை கழுவும் திரவத்தை மாற்றினார்கள். புதியது கொஞ்சம் காரமானது. பஞ்சக்காவின் விரலிடுக்குகள் முதலில் சிவந்தன, பிறகு அரித்தன, பிறகு கட்டை விரல் நகத்தோரம் மெல்லிய கோடாக வெடித்தது. வெடித்த இடத்தில் திரவம் பட்டால் கண்ணில் நீர் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு முன்னைவிட அதிகமாகக் கழுவினாள். வீட்டில் ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. வார்டில் ஏற்கெனவே இரண்டு பேர் பிரசவ விடுப்பில் இருந்தார்கள். இந்த நேரத்தில் கை வெடித்திருக்கிறது என்று போய் நின்றால் நன்றாகவா இருக்கும்?

சில நாட்களில் ஒரு குழந்தையின் தொப்புளோரம் சீழ் கோத்த சின்னக் கொப்புளங்கள் தெரிந்தன. வேர்க்குருவைவிடக் கொஞ்சம் பெரியவை. மருந்து போட்டார்கள். பிறகு பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த பெண் குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் அதே கொப்புளம். அடுத்து வந்ததுதான் எல்லோரையும் உலுக்கியது.

ஜன்னலோரப் பெட்டியில் ஒரு பஸ் கண்டக்டரின் மகன் இருந்தான். அவனுடைய அம்மாவுக்கு வெண்கலக் குரல். மெதுவாகப் பேசச் சொன்னால், "எனக்கு இதுதான் மெதுவு" என்பாள். அவளை எல்லோரும் கண்டக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். ஒரு காலைப் பொழுதில் பஞ்சக்கா அவனுக்கு உடை மாற்றப் போனாள். வழக்கமாக அவள் விரலைச் சிக்கெனப் பிடித்துக்கொள்பவன் அன்று பிடிக்கவில்லை. கை துவண்டு விழுந்தது. உடம்பு தொட்டால் சில்லென்று இருந்தது.

"டாக்டர், இவன் சரியில்ல. நேத்து என் விரலை விடவே மாட்டேன்னான். இன்னைக்குப் பிடிக்கவே இல்ல."

பெரிய டாக்டர் ஓடி வந்தார். பிறந்த குழந்தைக்கு நோய் முற்றும்போது காய்ச்சல்தான் வரவேண்டும் என்றில்லை, உடம்பு குளிர்ந்தும் போகும். கிருமி ரத்தத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற கண்டக்டரம்மாவுக்கு அன்று குரலே எழவில்லை.

மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். தொற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கிருமி டாக்டர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வந்தவர் எதையும் தொடாமல் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் வருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள், தொட்ட கையோடு எங்கே போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குழாய்ப்பிடி, தொட்டி, வெப்பமானி, பால் கொடுக்கும் கிண்ணம், பெட்டிகளின் வட்டக் கதவு என எல்லாவற்றையும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனார். அவற்றில் எதிலும் அந்தக் கிருமி இல்லை. பிறகு அவர் திரும்பி வந்து, வேலை செய்கிறவர்களின் மூக்கிலும் கையிலும் பார்க்க வேண்டும் என்றார்.

வார்டு கொதித்தது. "எங்களை என்ன திருடங்கன்னு நினைச்சீங்களா?" என்றார் ஒருவர். "இத்தனை வருஷ சர்வீஸுக்கு இதான் மரியாதையா?" என்றார் இன்னொருவர்.

பஞ்சக்காவுக்குக் கோபம் வந்தது. "மூக்குல ஒரு குச்சி விடுறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அங்க ஒருத்தன் உசுருக்குப் போராடிட்டுக் கிடக்கான். எனக்கு முதல்ல எடுங்க டாக்டர்" என்று முகத்தை நீட்டினாள். அவளுக்கு அடுத்தாற்போல் பெரிய டாக்டர் வந்து நின்றார். அதன் பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

முடிவு வந்த அன்று கிருமி டாக்டர் அவளை மட்டும் மருந்து அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கக்கா. அந்த மூணு குழந்தைங்ககிட்ட இருக்கிற கிருமியும், உங்க மூக்குலயும் கையிலயும் இருக்கிறதும் ஒண்ணுதான். எந்த மருந்துக்கு அடங்குது, எதுக்கு அடங்கலைங்கிறது வரைக்கும் ஒத்துப்போகுது."

பஞ்சக்கா தன் கைகளைப் பார்த்தாள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஊரையே கை கழுவச் சொல்லி விரட்டுறவ நான். நானா?"

"கழுவிக் கழுவித்தான் வெடிச்சிருக்கு. இந்தக் கிருமி நிறையப் பேர் மூக்குல சும்மா குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. கைக்கு வந்தாலும் தோல் நல்லா இருந்தா கழுவுறப்ப போயிடும். வெடிப்பு இருந்தா உள்ள போய் உக்காந்துக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது." கிருமி டாக்டர் கொஞ்சம் நிறுத்தி, "ஏன்க்கா யார்கிட்டயும் காட்டல?" என்று கேட்டார்.

"ஆளு பத்தல டாக்டர். இந்தக் கை வெடிப்புக்குப் போய் லீவான்னு…" தோள்கள் குலுங்கின.

கை ஆறி, கிருமி போய்விட்டது என்று பரிசோதனையில் உறுதியாகும் வரை அவள் வார்டுக்கு வரக்கூடாது. மூக்குக்குள் தடவ ஒரு களிம்பு, குளிக்க ஒரு மருந்துத் திரவம், கைக்கு வேறொரு களிம்பு. வீட்டில் கணவர் பாத்திரம் கழுவ விடவில்லை. படுக்கை விரிப்பைத் தினமும் வெந்நீரில் துவைத்துப் போட்டார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போனா ஆபீஸ் பக்கம் மாத்திக் கேக்கப்போறேன்" என்றாள் ஒரு மதியம். "குழந்தைங்க கிட்டயே போக மாட்டேன்."

கணவர் துணியைப் பிழிந்துகொண்டே, "கேளு. ஆனா அங்க நீ யாரை வாசல்ல நிறுத்துவ?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

கண்டக்டரம்மாவின் மகன் தேறி வருகிறான் என்று தினமும் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பழையபடி உடம்பில் சூடு வந்தது, பிறகு கை காலை ஆட்டினான். மற்ற இருவருக்கும் கொப்புளம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் இன்சார்ஜ் சிஸ்டர் வேறொரு விஷயம் சொன்னார். தொற்று வந்த வழி தெரிந்துவிட்டது, வேலை செய்யும் ஒருவரிடமிருந்து வந்தது, அவருக்கு வைத்தியம் நடக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள். பெயர் சொல்லவில்லை. பெற்றோர் தாங்களாகவே ஆளைத் தேடினார்கள். பழி தரை துடைக்கும் அம்மாவின் மேல் விழுந்தது.

"கண்டக்டரம்மா அவங்களைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. இவங்க இல்லைன்னு நாங்க சொல்றோம், யாரும் நம்பல. பாவம், அந்தம்மா துடைப்பத்தைப் போட்டுட்டு அழுதுட்டே போயிட்டாங்க."

பஞ்சக்கா போனை வைத்தாள். சீருடை இல்லாமல், வீட்டில் உடுத்தியிருந்த உடையோடு கிளம்பினாள். வார்டுக்குள் போகவில்லை. பார்வையாளர் கூடத்தில் கண்டக்டரம்மா நீளப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சக்கா அவள் எதிரே போய் நின்றாள்.

"அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. உங்க பையனுக்குக் கிருமி வந்தது என் கையில இருந்துதான். கை வெடிச்சிருந்தது, சொல்லாம இருந்துட்டேன்."

கண்டக்டரம்மா எழுந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அவளுடைய பழைய குரல் வெளியே வந்தது. "அவன் செத்திருந்தா? சொல்லுங்க, செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பதில் இல்லம்மா."

"என் பிள்ளையைத் தொடாதீங்க!"

"சரிம்மா."

அவ்வளவுதான் பேச்சு. பஞ்சக்கா படியிறங்கி, துணி வெளுக்கும் கட்டடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைத் தேடிப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். "நீயா?" என்று அவர் வாயைப் பிளந்தார். பிறகு அவள் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "எரியுதாடி?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரசவ அறையிலிருந்து ஒரு நர்ஸ், நகச்சுற்று வந்திருந்த விரலோடு கிருமி டாக்டரிடம் போனாள். ஒரு பயிற்சி டாக்டர் முழங்கையில் இருந்த ஆறாத புண்ணைக் காட்டினார். ஆபரேஷன் அறையிலிருந்து சிவந்த கைகளோடு நாலைந்து பேர் வந்தார்கள். எல்லோரும் சட்டைக் கைக்குள்ளும் கையுறைக்குள்ளும் மறைத்து வைத்திருந்தவைதான். கிருமி டாக்டர் பெரிய டாக்டரையும் கூட்டிக்கொண்டு நிர்வாகத்தோடு போய்ப் பேசினார். கையைக் கடிக்காத திரவம் வந்தது. ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் கைக்குத் தடவும் களிம்பு வந்தது. வேலை தொடங்கும் முன் ஒருவர் கையை ஒருவர் பார்க்கும் வழக்கம் வந்தது. புண் இருந்தால் ஆறும் வரை குழந்தைகளைத் தொடாத வேறு வேலை, விடுப்பில் கை வைக்க மாட்டார்கள்.

கை ஆறி, கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் பஞ்சக்கா வேலைக்குத் திரும்பினாள். ஆபீஸ் பக்கம் மாற்றம் கேட்கவில்லை. ஜன்னலோரம் மட்டும் போகாமல் மற்ற குழந்தைகளைப் பார்த்தாள். கண்டக்டரம்மாவின் மகன் இப்போது பெட்டியை விட்டு வெளியே, அதே ஜன்னலோரத்தில் சாதாரணத் தொட்டிலில் இருந்தான். தானாகப் பால் குடிக்கப் பழக வேண்டிய நேரம். இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் தூங்கிவிடுவான்.

அன்று அவனை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டரம்மா பால் கிண்ணத்தோடு வெகுநேரம் போராடினாள். பிறகு நிமிர்ந்து, "சிஸ்டர்!" என்று கூப்பிட்டாள். வார்டில் இருந்த எல்லா சிஸ்டர்களும் திரும்பினார்கள். அவள் பார்த்தது பஞ்சக்காவை.

"இங்க வாங்க. கையைக் காட்டுங்க."

பஞ்சக்கா இரு கைகளையும் நீட்டினாள். கண்டக்டரம்மா டிக்கெட்டைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விரலிடுக்குகளை, நகத்தோரங்களை, எல்லாவற்றையும். "ம்" என்றாள். குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள்.

"இவன் என்னை ஏமாத்துறான். நீங்க கொடுத்தா குடிப்பான்னு எல்லாரும் சொல்றாங்க."

பஞ்சக்கா கிண்ணத்தை அவன் உதட்டில் வைத்து, தாடையைச் சுண்டுவிரலால் லேசாக வருடினாள். அவன் முகத்தைச் சுளித்தான், பிறகு குடிக்கத் தொடங்கினான். அம்மாக்காரி குனிந்து பார்த்து, "திருட்டுப் பயலே" என்றாள், அவளுக்கு மெதுவான குரலில்.

அதற்குப் பிறகு பஞ்சக்கா குழந்தை சேர்க்கப்படும் அன்றே பெற்றோரிடம் ஒன்று சொல்லிவிடுவாள். யார் தொட வந்தாலும், டாக்டரானாலும், தானே ஆனாலும், கை கழுவியாச்சா என்று கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள், கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள், பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காத குரலுள்ள ஒரு அப்பா, தன் மகளின் பெட்டியருகே அவள் வந்தபோது எச்சிலை விழுங்கினார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க… கை கழுவிட்டீங்களா?"

அவள் அப்போதுதான் கழுவிவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் தொட்டிக்குத் திரும்பிப் போய், அவர் பார்க்கும்படி நிதானமாக இன்னொரு முறை கழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்படித்தான் கேக்கணும்" என்றாள். "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமா."