அம்பு ஸ்டிக்கரும் என் கடுதாசியும்

பெங்களூர் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம், தைத்த துணியில் தப்புப் பார்க்கும் செக்கராக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் லைன் சூப்பர்வைசர் ஆனேன். ஒரு மாதம் ட்ரையல். சரியாகச் செய்தால்தான் பதவி நிலைக்கும். மூன்றாம் நாளே மண்ணைக் கவ்வினேன்.

ஃப்ளோர் இன்சார்ஜ் நாகராஜ் சார் கன்னடக்காரர். சட்டைக்குப் புது லேபிள் வந்திருந்தது. பாக்கெட்டின் மூடியை நாங்கள் ஃப்ளாப் என்போம். "ஃப்ளாப் மேலெ ஹாக்ஸம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ளாப்பின்மீதே வைத்துத் தைக்கச் சொன்னார் என்று அர்த்தம். நானோ ஆம்பூர் பக்கத்துக்காரி, கன்னடம் அரைகுறை. மேலே என்றால் எனக்கு மேலேதான். ஃப்ளாப்புக்கு ஒரு அங்குலம் மேலே, அளவு பிசகாமல், நூற்றெண்பது சட்டையில் தைக்க வைத்துவிட்டேன்.

மதியம் வந்து பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனம்மா இது, லேபிள் ஆகாசத்துல இருக்குது?"

லைன் மொத்தமும் சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. டீ நேரத்தில் சாருக்குக் கொடுக்க ஒரு தாளை எடுத்து எழுதினேன்: ‘எனக்குப் புத்தி இல்லை. நாலு பேரை வேலை வாங்கத் தெரியாது. நான் எதற்கும் லாயக்கில்லை. மேலே என்றதைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். என்னைத் திரும்பச் செக்கராகவே போடவும்.’

அதை என் பழைய டேபிளில் இருந்த செக்கர் ரெஹானாவிடம் காட்டினேன். ஆஸ்டின் டவுன்காரி, வாய் கொஞ்சம் நீளம். தப்பு இருக்கும் இடத்தைக் காட்ட, அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கர் வேலை. அவள் அந்த ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, என் கடுதாசியைச் சட்டை மாதிரி மேஜையில் விரித்தாள்.

"புத்தி இல்லைன்னு எழுதிருக்கியேக்கா, டிஃபெக்ட் எங்க? இடத்தைக் காட்டு."

"மொத்தமும்தான்."

"நான் ஒரு சட்டை மொத்தத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டுனா நீ என்ன சொல்லுவ?"

"கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேப்பேன்."

"அதான் கேக்கறேன்."

ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி, "பாஸ், பாஸ்" என்று தள்ளினாள். ‘மேலே’ வரியில் மட்டும் ஒரு ஸ்டிக்கர் விழுந்தது. "இது ஒண்ணுதான் தப்பு, மத்தபடி உங்கிட்ட ஒரு டிஃபெக்டும் இல்ல. ஆல்டர் பண்ணிக் கொண்டா, போ."

வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘நீங்கள் மேலே என்றதை நான் மேலே என்று புரிந்துகொண்டேன். இன்றே பிரித்துத் தைத்துத் தருகிறேன்.’

நாகராஜ் சார் இரண்டு தடவை படித்தார். "நானும் மேலேதான் சொன்னேன், நீயும் மேலேதான் கேட்டே. இதுல யாரைத் திட்டறது?" என்று சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சட்டை எல்லாம் சரியாயிற்று. மாதம் முடிந்ததும் பதவியும் நிலைத்தது.

நான்தான் திருந்தவில்லை. யார் பாராட்டினாலும், "லேபிளை ஆகாசத்துல தைச்சவதானே நான்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கேட்டுக் கேட்டுச் சலித்த ரெஹானா ஒருநாள் கேட்டாள்:

"அக்கா, ஆல்டர் முடிஞ்ச பீஸ்ல ஸ்டிக்கரை எடுக்காம விட்டா, பாஸா ஃபெயிலா?"

"ஃபெயில். அதுவே ஒரு டிஃபெக்ட்" என்றேன், பழக்க தோஷத்தில். சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு தப்புக்கு ஒரு ஸ்டிக்கர். பிரித்துத் தைத்ததும் அதைப் பிய்த்துப் போடுங்கள். ஊரார் சட்டைக்கு ஆறு வருஷம் காட்டிய நியாயத்தை எனக்கு நானே காட்டிக்கொள்ள, இன்னொரு செக்கர் வந்து சொல்லவேண்டியிருந்தது.