கொப்பியில் இருந்த புது மை

ஒரு ஆதாரம் கைக்கு வந்தால் முதலில் அதைச் சந்தேகிக்க வேண்டும் என்று முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன் நான். கிழக்கு ஆபிரிக்கக் கரையோர முஸ்லிம் சமூகங்களின் வரலாறு என் துறை. அதற்காகச் சுவாகிலி மொழியைப் படித்தேன். அதை அரபு எழுத்தில் எழுதிய பழைய கடிதங்களை வாசிக்கவும் பழகினேன். ஓய்வு பெற்றுத் திருகோணமலை நகரத்துக்கு வந்த பிறகும் அந்தச் சந்தேகிக்கும் பழக்கம் போகவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். துணியில் சுற்றிய ஒரு பழைய கையெழுத்துக் கொப்பியை மேசையில் வைத்தார்.

“உம்மா காட்டிப்போட்டு வரச் சொன்னா சேர். எங்கட மூத்தவர் ஒராள் கப்பல்ல வந்து இஞ்ச நிண்டவராம். அவர்ர எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிக்கலாம், ஆனா பள்ளியில ஓதிக் குடுக்கிறவருக்கும் கருத்து விளங்கல்ல. என்ன சொல்லியிருக்கெண்டு அறியோணுமாம்.”

திறந்தேன். அரபு எழுத்தில் சுவாகிலி. இந்தத் தீவில் அப்படி ஒன்று கிடைக்காதா என்று நான் தேடாத இடமில்லை. தேடியபோது கிடைக்காதது இப்போது வாசலுக்கு வந்திருக்கிறது; அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. தாள் பழையது, பூச்சி அரித்தது. மையோ கறுப்பாக மினுங்கியது. பூச்சி அரித்த ஓட்டைகளின் விளிம்பிலும் அது ஊறியிருந்தது. பூச்சி அரித்த பிறகு எழுதியது என்று அர்த்தம்.

“பழைய தாளில ஆரோ இப்ப எழுதியிருக்கினம். இதை உங்களுக்கு வித்தது ஆர்?”

“ஒருத்தரும் விக்கல்ல சேர். வீட்டில இருந்தது.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது.”

“வீட்டில இருந்ததைப் பின்ன றோட்டில இருந்ததெண்டா சொல்லுற?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கள்ளம் என்று எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தைத் தாண்டி வாசிக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. பொய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து மீன் சந்தையில் அவரைக் கண்டேன். வெளிநாட்டுக்காரன் எவனுக்காவது விற்றிருப்பார் என்ற எண்ணத்தோடுதான் கொப்பியைப் பற்றி விசாரித்தேன்.

“கடல்ல விட்டுட்டம் சேர். அல்லாஹ்ட பேர் இருக்கிறதைக் குப்பையில போட ஏலாது. பொய்யை வீட்டில வைக்கவும் ஏலாதெண்டு உம்மா சொல்லிட்டா. கல்லுக் கட்டித் துறைமுக வாயில இறக்கினம்.” மீனைப் பையில் போட்டுக்கொண்டே தொடர்ந்தார்: “ஒவ்வொரு நோன்புக்கும் முந்தி மங்கின எழுத்துக்கு மேலால மை போடுறவ அவதான். அவட மாமியும் அப்பிடித்தான் செய்தவவாம். கருத்துத் தெரியாட்டியும் அழிய விடக்கூடாதாம்.”

“இதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்ல?”

“நீங்க கேக்கல்லையே. வித்தது ஆரெண்டுதானே கேட்டீங்க.”

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்காக இவ்வளவு மரியாதையாக வரவேற்கிறார்கள் என்று அங்கேயும் மனம் கணக்குப் பார்த்தது. கதிரையில் இருந்த அந்தத் தாயிடம், கொப்பி உண்மையானது, பிழை என்னுடையது என்றேன். அவர் அழவில்லை, ஏசவும் இல்லை.

“அப்ப என்ன எழுதியிருந்தது வாப்பா?”

நினைவில் இருந்த ஒரே வரியைச் சொன்னேன்: “‘இதை எழுதுகிற நான் ஊர் திரும்பமாட்டேன். என் தாய்க்கு அது தெரியாது.’”

“பிறகு?”

“பிறகு நான் வாசிக்கேல்ல.”

தலையாட்டிவிட்டு, அந்த வரியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லும்போதே, அது அந்தக் கொப்பியில் இருந்த வரியா, வேறெங்கோ நான் வாசித்த கடிதத்தில் இருந்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் அதை மனப்பாடமாக்கி வைத்திருப்பதாக மகன் போன கிழமை சொன்னார்.