ஊறுகாய் வைக்காத சமையலறை

குடியை நிறுத்த வந்தவர்களுக்குச் சமைப்பதில் ஒரே ஒரு வசதி, முதல் வாரம் உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவர்கள் நாக்குக்குத் தெரியாது. மற்றபடி அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பதுபோல எந்நேரமும் பயந்துகொண்டே பார்க்கிற வேலை இது. குன்னூருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் நடக்கும் விடுதியில் ஒன்பது வருஷமாக நான்தான் சமையல். வீட்டில் குடிக்கிற ஆள் இருந்தால் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

எலுமிச்சை ஊறுகாய்

நான் சேர்ந்த புதிதில் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ராசு என்பவர் வந்திருந்தார். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். தேயிலை ஃபேக்டரியில் வேலை. இனி ஒருமுறை குடித்துவிட்டு வந்தால் பேரை வெட்டிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போய்விடும். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் எங்கே போவார்கள் என்று அவரைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டேன்.

இருபது நாள் நன்றாக இருந்தார். மறுநாள் தயிர்சாதத்தோடு, நானே ஆசையாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாயை வைத்தேன். தட்டைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் வேர்த்தது. இந்தக் குளிரில் வேர்க்கிறதே, மாரடைப்போ என்று விடுதி டாக்டரைக் கூட்டிவர ஓடினேன். "வருஷக்கணக்கா ஊறுகாயைத் தொட்டுக்கிட்டுக் குடிச்சவரும்மா. இது வந்தா அடுத்து பிராந்தி வரும்னு மூளை பழகி வெச்சிருக்கு. பாத்ததுமே உடம்பு தயாராயிருச்சு" என்றார் டாக்டர். என் கையாலேயே விஷம் வைத்ததுபோல நின்றேன். ராசு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க மேல பிழையில்ல அக்கா. ஊறுகாய் வந்துருச்சு, மத்தது எங்கன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் கேக்குறான்."

ஒரே மடக்கு

அன்றோடு ஊறுகாய் ஜாடி சமையலறையை விட்டுப் போனது. ஆனால் கண் சும்மா இருக்குமா? டீ கொடுக்கும்போது கவனிக்க ஆரம்பித்தேன். கொதிக்கக் கொதிக்க இருக்கும் டீயை, பிராந்தி குடிப்பதுபோல ஒரே மடக்கில் விழுங்குவார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், புறங்கையால் வாயைத் துடைப்பார்கள். ஒருவர் இருவர் அல்ல, வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோரும். நாக்கு வெந்தும் மறுநாள் அதேதான்.

சின்ன டம்ளர்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பிடி வைத்த பெரிய கப்புகளில் ஊற்றிக் கொடுத்தேன். அதையும் அண்ணாந்து ஒரே மடக்கு. மஞ்சூரில் காய்கறி லாரி ஓட்டும் பெரியவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, டம்ளரை மாத்திப்போட்டீங்க, சரிங்க. இந்தக் கையை என்னங்க பண்ணுவீங்க?"

வாசலில் ஒரு சோதனை

ராசு வீட்டுக்குப் போய் மூன்று மாதம் கழித்து டாக்டரைப் பார்க்க வந்தபோது மனைவி செல்வியும் கூட வந்திருந்தாள். அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. "இப்ப நிம்மதிதானே?" என்று செல்வியிடம் கேட்டேன். அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே வாயைத் திறப்பாராம். இவள் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே வருவாராம். கோபித்துக்கொள்வதே இல்லையாம்.

அதுகூடப் பரவாயில்லை. ஆறு வயதுச் சின்னவள், அப்பாவின் காலடிச் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறாளாம். யாரும் போகச் சொல்வதில்லை. அவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாலும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருகிறாளாம். செல்வி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அவரு விட்டு மூணு மாசம் அக்கா. நாங்கதான் இன்னும் விடல."

வரிசையில் ஐந்தாவது ஆள்

அடுத்த மாதம் ஒரு மழை நாள். இருட்டும் நேரத்தில் ராசு தனியாக, தொப்பலாக நனைந்து சமையலறை வாசலில் நின்றார். நானும் கிட்டே போய் மோந்துதான் பார்த்தேன். வாசனை இல்லை. ஃபேக்டரியிலிருந்து மதியம் வெளியே வந்தவர், பெரிய மகளுக்குச் செருப்பு பிய்ந்துவிட்டதே என்று யோசித்தபடி நடந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒருவன் முதுகில் குத்தி "நகருண்ணே" என்றபோதுதான், பிராந்திக் கடை வரிசையில் தான் ஐந்தாவது ஆளாக நிற்பது தெரிந்திருக்கிறது. எந்த இடத்தில் திரும்பினார் என்பதே நினைவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் மாறி மாறி இங்கே வந்துவிட்டார்.

டாக்டர் இரண்டு நாள் வைத்திருந்து, மேனேஜருக்கு லீவு கடிதம் எழுதி, இனி கடை இருக்கும் ரோட்டில் போகாமல் தேயிலைத் தோட்டத்துக்குள் மேலேறிப் போகச் சொல்லி அனுப்பினார். பேர் வெட்டப்படவில்லை, வீடும் இருக்கிறது. ஆனால் அன்று "என்ன நெனச்சு அங்க போனீங்க?" என்று டாக்டர் கேட்டதற்கு ராசு சொன்ன பதிலில் எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவியது: "நான் போகல சார். காலு போயிருச்சு. நான் பின்னால போயி அதைக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு என்றைக்கோ மறந்துவிட்டது. பிராந்தி நடத்திய பாடத்தை மட்டும், குடித்தவரானாலும் குடிக்காதவரானாலும், ஒருவர்கூட மறந்து நான் பார்த்ததில்லை.